இருபது விநாடி முன்னால்

இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒரு சின்னப் பையோடு வந்த நாத்தனார், நாற்பத்தோராவது நாளாக அந்த வீட்டில் இருந்தாள். அவள் வந்து இறங்கிய மறுநாளே ஊரடங்கு போட்டுச் சாலைகளை அடைத்துவிட்டார்கள். வீட்டுக்காரனான அவள் அண்ணன் சரக்குக் கப்பலில் பொறியாளன். எந்தத் துறைமுகமும் இறங்க விடாததால் அவன் நடுக்கடலில் நின்றுகொண்டிருந்தான். ஆக, முதல் மாடியில் இரண்டு அறையும் ஒரு பால்கனியும் கொண்ட அந்த வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் மட்டும்தான். அண்ணிக்கு வேறு பெயரே இல்லையா என்று கேட்காதீர்கள். அவளைக் கூப்பிட அங்கே இருந்த ஒரே ஆள் அப்படித்தான் கூப்பிட்டாள், அதுவும் நாளைக்கு நூறு தடவை.

அண்ணியின் வேலை கேட்டு எழுதுவது. மருத்துவமனைகளில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு ஒரு சின்னக் கருவியில் பேசி வைப்பார்கள். அந்தப் பேச்செல்லாம் அண்ணியின் கணினிக்கு வரும். காதில் ஹெட்போன், காலடியில் ஒரு மிதி. மிதியை அழுத்தினால் குரல் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். குதிகாலால் தட்டினால் நாலு விநாடி பின்னால் போகும். பதினோரு வருடமாக வீட்டிலிருந்தே இந்த வேலை. அலுவலகத்தில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். எதையோ மென்றுகொண்டே பேசும் டாக்டர், லிஃப்டுக்குள் நின்று பேசும் டாக்டர், மூக்கால் பேசும் டாக்டர் என்று யாருக்கும் பிடிபடாததெல்லாம் கடைசியில் பாம்புக்காதிடம்தான் வந்து சேரும்.

முன்பெல்லாம் எலும்பு முறிவு, பித்தப்பைக் கல், கண் புரை என்று கலந்து வரும். இப்போது எல்லாம் நுரையீரல். களைத்துப்போன குரல்கள் ஒரே மாதிரி வாக்கியங்களைச் சொல்லின. கடைசி வாக்கியத்துக்கு முன்னால் ஒரு பெருமூச்சு கேட்டால் அது எப்படி முடியும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பெருமூச்சை எழுத வேண்டியதில்லை. நேரத்தை மட்டும் எழுதினால் போதும்.

இதற்கு நடுவில் கூரையிலிருந்து ஒரு சத்தம். ஊரடங்குக்கு நாலு நாள் முன்னால்தான் மேல் வீட்டுக்கு யாரோ குடி வந்திருந்தார்கள். ஆணா பெண்ணா என்றுகூட அண்ணி பார்த்ததில்லை. மதியம் ஆனால் மேலேயிருந்து ஏதோ ஒரு வாத்தியம் உறுமும். முதல் வாரம் அண்ணி துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தாள். பிறகு கட்டடச் சங்கச் செயலாளரைக் கூப்பிட்டு, நான் டாக்டர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுகிறவள், ஒரு மில்லிகிராம் தப்பினால் யாருடைய உயிரோ போகும், ஐந்து மணி வரை எனக்கு வேலை என்று பொரிந்து தள்ளினாள். அதற்குப் பிறகு உறுமல் குறைந்தது. ஆனால் அடங்கிய குரலில் ஒரு ரீங்காரம் தொடர்ந்தது. நாலே நாலு சுரம், திரும்பத் திரும்ப, நாற்பது தடவை, ஐம்பது தடவை.

வெறுத்துப்போன அண்ணி, மருந்துக் கடைக்குப் பக்கத்தில் ஷட்டரைப் பாதி தூக்கி வியாபாரம் செய்த கடையில் காது முழுக்க மூடும் பெரிய ஹெட்போன் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டாள். அதை மாட்டினால் இடி விழுந்தாலும் கேட்காது. நாத்தனார் மட்டும், நீங்களும் அதே மிதியை மிதித்து மிதித்து ஒரே வார்த்தையை நாற்பது தடவை கேட்கிறீர்களே, மேல் வீட்டுக்காரர் உங்களுக்குப் பெரியப்பா பிள்ளையாக இருப்பாரோ என்று சீண்டினாள். நாத்தனாருக்கு வாய் நீளம். அண்ணி அதைக் கண்டுகொள்வதில்லை.

அந்த ஹெட்போன் வந்த வாரத்தில்தான் அண்ணிக்கு அந்தக் கச்சேரி கிடைத்தது. வேலை முடித்துத் தொலைபேசியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது தானாக வந்து நின்றது. தினமும் சரியாக ஐந்து மணிக்கு நேரலை. ஒரு வெள்ளைத் துணி தொங்கும் சுவர், ஒரு நாற்காலி, ஒரு செல்லோ, இரண்டு கைகள். வயலினுக்கு அண்ணன் மாதிரி இருக்கும் அந்த வாத்தியத்தை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தித் தரையில் ஓர் இரும்பு ஊசிக்காலை ஊன்றி வாசிப்பார்கள். முகம் தெரியாது. பேச்சும் கிடையாது. தொடங்கும்போது ஒரு தாளை மட்டும் தூக்கிக் காட்டுவார்கள்: ‘இன்றும் கைக்கு வந்தது.’ அவ்வளவுதான். அந்த நிமிடம் கைக்கு என்ன வருகிறதோ அதுதான் கச்சேரி. நேற்று வாசித்தது இன்று வராது.

முதல் நாளே அண்ணி விழுந்துவிட்டாள். வில் கம்பியில் படுகிறபோது நாள் முழுக்கக் காதில் சேர்ந்திருந்த குரல்கள் ஒவ்வொன்றாக எழுந்து வெளியே போயின. மாலை வெயில் ஜன்னல் வழியாக வந்து மேசை, மிதி, அவள் முழங்கால் என்று மெல்ல நகரும். அறை லேசாகி மிதப்பது போல் இருக்கும். நாற்பது நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்தால், எங்கேயோ போய்விட்டு வந்து தன் வீட்டையே புதிதாகப் பார்க்கிறாற்போல் தோன்றும். அதைக் கேட்ட நாட்களில்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது. கேட்காத ஒரே ஒரு நாள், இணையம் அறுந்த நாள், எழுதிய பெயர்கள் எல்லாம் கூடவே படுத்துக்கொண்டன. அந்த ஐந்து மணி மட்டும் இல்லையென்றால் தன்னால் இந்த வேலையில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதே சமயம், பகலில் ஹெட்போனைக் கழற்றினால் கூரையில் அந்த நாலு சுரம். சாப்பிட உட்கார்ந்தால் நாலு சுரம், முகம் கழுவப் போனால் நாலு சுரம். ஒருநாள் பொறுமை இழந்து கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக ஒரு புகார் எழுதிவிட்டாள். நாலு வீட்டாரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு ஆதரவும் கேட்டாள். நாலு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். செயலாளர் ஓய்வு பெற்ற அதிகாரி. தீர்மானம் போட்டு எத்தனையோ மாதமாகிக் கை நமநமத்துக் கிடந்தவர். கேட்க வேண்டுமா? மறுநாளே லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்: வரும் முதல் தேதி முதல், கீழ் வீட்டாரின் அமைதி கெடும்படி எவரும் எந்த இசைக்கருவியும் வாசிக்கக் கூடாது. அண்ணிக்குப் பரம திருப்தி. அன்று மாலை ஐந்து மணிக்கு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டு கச்சேரி கேட்டாள்.

முதல் தேதிக்கு மூன்று நாள் இருந்தது. மாலை ஐந்தேகால் இருக்கும். அண்ணி ஹெட்போனோடு சாய்ந்திருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பால்கனியில் நாத்தனார் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். காலையிலேயே காய்ந்துவிடும் துணியை ஐந்து மணிக்குத்தான் எடுப்பேன் என்று கொஞ்ச நாளாக ஒற்றைக் காலில் நிற்பவள். தலையணை உறையை மடிக்கச் சொல்லலாம் என்று அண்ணி ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். கதவு இடுக்கு வழியாக நாத்தனார் ஏதோ முனகுவது கேட்டது. ஏறிப் போய், நடுவில் தயங்கி, படி தவறினாற்போல் சட்டென்று இறங்கும் ஒரு மெட்டு. பரவாயில்லையே, இவளுக்குக்கூடக் குரல் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு ஹெட்போனைத் திரும்ப மாட்டினாள்.

தொலைபேசியில் அந்தக் கைகள் ஏறிப் போயின, நடுவில் தயங்கின, படி தவறினாற்போல் சட்டென்று இறங்கின.

அண்ணிக்குப் புல்லரித்தது. இன்னும் வாசிக்காத பாட்டை இவள் எப்படி முனகினாள்? மறுபடி ஹெட்போனைத் தூக்கினாள். நாத்தனார் வேறொன்றை முனகிக்கொண்டிருந்தாள், மூன்று நீள இழுப்பு, பிறகு ஒரு குலுக்கல். அண்ணி மனத்துக்குள் எண்ணினாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. தொலைபேசியில் மூன்று நீள இழுப்பு வந்தது, பிறகு ஒரு குலுக்கல். எழுந்து கதவைத் தள்ளிப் பால்கனிக்குப் போய் நின்றாள். மேல் வீட்டின் திறந்த ஜன்னலிலிருந்து செல்லோ, காற்றோடு காற்றாக, தலைக்கு நேர் மேலே இறங்கிக்கொண்டிருந்தது.

நேரலை என்று பெயர்தானே தவிர, மேலேயிருந்து புறப்பட்டு ஊரெல்லாம் சுற்றி அவள் தொலைபேசிக்கு வந்து சேர இருபது விநாடி பிடித்தது. நாத்தனாருக்கு அதெல்லாம் தெரியாது. உங்கள் ஹெட்போனிலிருந்து கசிந்து வருகிறது என்றல்லவா நினைத்தேன், அதற்காகத்தானே இந்த நேரத்தில் துணி எடுக்கிறேன் என்றாள்.

அண்ணி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். உலகத்தில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இருநூற்றுச் சொச்சம் பேரும் இருபது விநாடி பின்னால் இருந்தார்கள். அவள் மட்டும் முன்னால் நின்றாள். அவள் வேலையில் எல்லாமே நடந்து முடிந்த பிறகு வருவது. அவள் எழுதும்போது அந்த ஆளுக்கு என்ன ஆக வேண்டுமோ அது ஆகிவிட்டிருக்கும். எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் யாரையும் எட்டிப் பிடிக்க முடியாது. முதல் தடவையாக ஒன்று அவளிடம் முந்தி வந்திருந்தது. கீழே வெறிச்சோடிய தெரு, ஓடாத கார்கள், மூடிய கடைகளின் மேல் சாய்ந்த வெயில், எல்லாம் அந்த இருபது விநாடிக்குள் இன்னும் எதுவும் நடக்காதது போல் இருந்தன. சொக்கிப்போய் நின்றாள்.

அப்புறம்தான் உறைத்தது. மேல் வீடு. அறிவிப்பு. நாலு சுரம். பகலில் அவள் சபித்த விரல்களும் மாலையில் அவள் உருகிய விரல்களும் ஒன்றுதான். பாம்புக்காதாம், பெரிய பாம்புக்காது. பதினோரு வருடம் யார் யார் முனகலையோ கண்டுபிடித்தவளுக்குத் தலைக்கு மேலே இருப்பது தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகச் செயலாளரைக் கூப்பிட்டுப் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றாள். அவர் பொறுமையாக விளக்கினார். அது இப்போது அவளுடைய புகார் இல்லை, சங்கத்தின் தீர்மானம். தீர்மானத்தை மாற்றப் பொதுக்கூட்டம் வேண்டும். பொதுக்கூட்டம் போட இப்போது தடை. ஆகவே தடை நீங்கிய பிறகு பார்க்கலாம். தொலைபேசியில் கூட்டம் நடத்தலாமே என்று கேட்டதற்கு, விதியில் அப்படி இல்லை என்றார். ஆதரவு தந்த நாலு வீட்டாரையும் கூப்பிட்டுப் பார்த்தாள். நீங்கள் கேட்டதற்காகத்தானே கட்டைவிரல் போட்டோம், இப்போது மாற்றிச் சொன்னால் நன்றாகவா இருக்கும் என்றார்கள். அவளே விரித்த வலை, நாலு பக்கமும் இறுக்கி முடிச்சுப் போட்டாயிற்று.

அன்று ஐந்து மணிக்கு அவள் பால்கனியில் நிற்கவில்லை. நிற்க வெட்கமாக இருந்தது. உள்ளே உட்கார்ந்து, எல்லோரையும் போல இருபது விநாடி தாமதமாகக் கேட்டாள். முடிவில் அந்தக் கைகள் வேறொரு தாளைத் தூக்கிக் காட்டின: ‘நாளை கடைசி. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நன்றி.’ சிவப்பு இதயங்கள் திரையில் குமிழ் குமிழாக ஏறின. ஏன், என்ன ஆயிற்று என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பதில் தெரிந்த ஒரே ஆள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாள், மாதத்தின் கடைசி நாள், கடைசிக் கச்சேரி முடிந்த கையோடு முகக்கவசம் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். நாத்தனார் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். வாங்கிக் கட்டிக்கொள்வதற்குத் துணை எதற்கு?

முகக்கவசத்தோடு கதவைத் திறந்தது ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. வாத்தியத்தை இன்னும் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலிக்கு அடியில் நாலாக மடித்த ரஜாய், அதன் மேல் ஒரு ரப்பர்த் துண்டு, அதன் மேல்தான் ஊசிக்கால் ஊன்றியிருந்த குழி. கம்பிகளின் சத்தத்தை அடக்கும் கட்டை ஒன்று மேசையில் கிடந்தது. பகலெல்லாம் கூரையில் கேட்ட அந்த அடங்கிய ரீங்காரம் எங்கிருந்து வந்தது என்று அண்ணிக்குப் புரிந்தது. தன்னால் ஆனவரைக்கும் அமுக்கித்தான் வாசித்திருக்கிறாள்.

எப்படித் தொடங்குவது என்று படியேறும்போது யோசித்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. பூசி மெழுகத் தெரியவில்லை.

“கீழ் வீடுதான் நான். புகார் எழுதினது நான்தாங்க. நீங்கதான் அதுன்னு தெரியாது. தினமும் அஞ்சு மணிக்கு உங்களத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்.”

மேல்வீட்டுக்காரி துடைப்பதை நிறுத்தினாள். கோபம் வரும் என்று அண்ணி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

“நீங்கதான் அந்த டாக்டருங்க பேச்சக் கேட்டு எழுதுறவங்களா?”

அண்ணி தலையாட்டினாள்.

“முதல்ல நாலு மணிக்குத்தான் வாசிக்கிறதா இருந்தேன். கீழ ஒருத்தங்க அஞ்சு மணி வரைக்கும் அந்த வேலை பாக்குறாங்க, ஒரு எழுத்து தப்பினாலும் ஆபத்துன்னு செயலாளர் சொன்னாரு. அன்னிக்கே அஞ்சுக்கு மாத்திட்டேன். உங்க வேலை முடியட்டும்னுதான்.”

தன் நாளில் தானாக முளைத்த நல்ல நேரம் என்று இத்தனை நாளும் அண்ணி நினைத்திருந்த ஐந்து மணி, முகம் தெரியாத ஒருத்தி அவளுக்காக ஒதுக்கிக் கொடுத்தது. துடைப்பக் கட்டையால் இடித்ததற்குக் கிடைத்த பதில் அது. அவமானமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது, இரண்டையும் வைத்துக்கொண்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

படியிறங்கப் போனவள் பாதியில் நின்றாள். அறிவிப்பின் வாசகம் நினைவுக்கு வந்தது. கீழ் வீட்டாரின் அமைதி கெடும்படி. கேட்டு எழுதுவதே பிழைப்பாக இருப்பவளுக்கு ஒரு சொல்கூட மறக்காது. அவள் இருப்பது முதல் மாடி. அவளுக்குக் கீழே வீடே கிடையாது, வண்டி நிறுத்துமிடம்தான். ஒன்றரை மாதமாக அசையாமல் நிற்கும் கார்களின் அமைதி கெட்டால் அவை புகார் எழுதப் போவதில்லை. திரும்பி ஏறிப் போய், நாளையிலிருந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து வாசியுங்கள் என்றாள். மேல்வீட்டுக்காரி ஒரு நிமிடம் விழித்தாள். பிறகு முகக்கவசம் விம்மும்படி சிரித்துவிட்டாள்.

முதல் தேதி நாலரை மணிக்கு வாத்தியம் படியிறங்கி வந்தது. நாத்தனார் எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்து, நாற்காலியைக் கூடத்தின் அந்தக் கோடியில் போட்டு, நாலைந்து புத்தகங்களை அடுக்கி அதன் மேல் தொலைபேசியைச் சாய்த்து நிறுத்தினாள். மாப்பிள்ளை அழைப்புக்குப் பந்தல் போடுகிறவள் மாதிரி அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். செயலாளர் ஒரு தடவை படியேறி வந்து எட்டிப் பார்த்தார். அறிவிப்பைத் தன் வாயாலேயே ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

அன்றைக்கென்று பார்த்து அண்ணிக்குத் தலைக்கு மேல் வேலை. ஐந்து மணி அடித்தபோது இன்னும் மூன்று பதிவுகள் பாக்கி. நாளைக்கு என்று தள்ள முடியாது. அவள் எழுதும் தாள் கைக்குப் போனால்தான் மருத்துவமனையில் அடுத்த காரியம் நடக்கும். அதற்காக வெளியே யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். ஹெட்போனைக் கழற்றாமலே, நீங்கள் ஆரம்பியுங்கள் என்று கையால் காட்டினாள்.

மேல்வீட்டுக்காரி ஆரம்பிக்கவில்லை. வில்லை மடியில் வைத்துக்கொண்டு தொலைபேசிப் பக்கம் குனிந்தாள். இத்தனை நாளும் தாளைக் காட்டியவள் அன்றுதான் வாயைத் திறந்து பேசினாள். அண்ணி ஒரு காதைத் தூக்கிக் கேட்டாள்.

“இந்த வீட்டுல ஒருத்தங்களுக்கு வேலை இன்னும் முடியல. அவங்க முடிச்சதும் ஆரம்பிக்கிறேன்.”

அண்ணி மிதியை அழுத்தினாள். ஒன்று முடிந்தது. இரண்டு முடிந்தது. வில் மடியிலேயே இருந்தது. ஜன்னல் வெயில் நாற்காலிக் கால் வரை வந்துவிட்டது. இருநூறு பேரும் போய்விட்டிருப்பார்கள் என்று பயந்து நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் விரல்களை விரித்துக் காட்டினாள், இன்னும் ஐந்து பேர் கூடியிருக்கிறார்கள் என்று.

மூன்றாவது ஓர் இளம் டாக்டர். புதுக் குரல். வேகமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் கடைசி வாக்கியத்துக்கு முன்னால் நிறுத்தினார். அந்தப் பெருமூச்சு கேட்டது. பிறகு பெயரை மறுபடியும் ஒருமுறை, நிறுத்தி நிறுத்தி, தப்பாகிவிடக் கூடாதே என்று சொல்வது போலச் சொன்னார். வயது இருபத்தாறு. மதியம் இரண்டு பத்து. அண்ணி குதிகாலால் தட்டித் தட்டி அந்தப் பெயரை மூன்று தடவை கேட்டாள். ஓர் எழுத்தும் தப்பாமல் எழுதி, சரி பார்த்து, அனுப்பினாள். ஹெட்போனைக் கழற்றி மேசை மேல் வைத்தாள்.

“முடிஞ்சுதா?” என்றாள் மேல்வீட்டுக்காரி.

“முடிஞ்சுது. வாசிங்க.”

வில் கம்பியில் பட்டது. மிக மெதுவாக, அந்த டாக்டர் மூச்சு விட்ட இடத்திலிருந்து எடுத்தாற்போல் ஒரு சுரம் எழுந்து கூடத்தை நிறைத்தது. தரை வழியாக அது அண்ணியின் பாதத்தில் ஏறியது. இந்த வேலையில் இத்தனை வருடமாக ஒரு பெயருக்குக்கூட அழாதவள், அந்த இருபத்தாறு வயதுக்கு வாய்விட்டு அழுதாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மேல்வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்தாள், வில்லை நிறுத்தவில்லை. நாத்தனார் பதறிப்போய்த் தொலைபேசியையும் அண்ணியின் வாயையும் மாறி மாறிக் காட்டினாள், சத்தம் எல்லோருக்கும் கேட்கிறது என்று.

கேட்கட்டும் என்று அண்ணி கையை அசைத்தாள்.